பச்சைத் தரையில் இரண்டு கால்கள்

எக்ஸ்ரே படம் எடுப்பதற்காக எல்லோரும் வெளியே போன பிறகும் கோதண்டத்தின் முதுகில் யாரோ கை வைத்திருந்தார்கள்.

முதல் தடவை அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மரத்துப்போக ஊசி போட்ட முதுகு எதையாவது உளறும். நடுவில் ஓட்டை வைத்த தலையணையில் முகத்தைப் புதைத்துக் குப்புறக் கிடந்தவருக்கு உலகம் என்பது முறம் அளவு பச்சைத் தரைதான். அதில் டாக்டர் ரெஜினாவின் நீலச் செருப்பும் நர்ஸ் மகிமாவின் வெள்ளைச் செருப்பும் வந்து வந்து போயின, ஸ்பிரிட் வாடைக்கு அடியில் கருகிய சதையின் வாடை வீசியது, வெளியே கூட்ஸ் வண்டி போகும்போதெல்லாம் அதன் அதிர்வு மேசைக்காலில் ஏறி அவர் நெஞ்சுக்குள் இறங்கியது.

முதுகெலும்பில் சீழ். விரல் நுழையும் துளை போட்டு, குழாய் விட்டு, கேமராவில் பார்த்தே தண்ணீர் பாய்ச்சிக் கழுவிவிடலாம், முழு மயக்கம் வேண்டாம் என்றிருந்தார் ரெஜினா. "ஆனா கால்ல கரண்ட் அடிச்ச மாதிரி இருந்தா உடனே சொல்லணும் அண்ணே. சொல்லலன்னா கால் போயிரும்."

கால் போனால் கோதண்டத்துக்கு எல்லாமே போச்சு. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் இருபத்தாறு வருஷமாக உர மூட்டை தூக்குகிறவர். அங்கே மூட்டைக்கு அடியில் எவனும் வாய் திறக்க மாட்டான். முனகினவனை மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அந்தப் பழக்கதோஷம்தான். இடுப்பிலிருந்து குதிகால் வரை மின்னல் மாதிரி வெட்டியபோது பல்லைக் கடித்துக்கொண்டார்.

வலிக்கிறதா என்று ரெஜினா கேட்டார்.

"ஒண்ணும் இல்லமா. நீ பாட்டுக்குப் பண்ணு."

அப்புறம் வலது கால் உணர்வில்லாமல் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் இடது காலும். தப்புப் பண்ணிவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்று செருப்புகள் வெளியே போய்விட்டன. கதவு மூடிக்கொண்டது.

மறுபடி அந்தக் கை. இந்தத் தடவை கனம். மூட்டையை மெல்ல இறக்கி வைக்கிற மாதிரி. அதன் மேலே இன்னொரு கை. மூச்சு நின்றது. வாய் திறந்தே இருந்தது. குரல் வரவில்லை.

பச்சைத் தரையில் இரண்டு வெறுங்கால்கள் வந்து நின்றன.

வெடித்த குதிகால். விரலிடுக்கில் வெள்ளையாக உரத் தூசி. வலது கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருந்தது. அந்த நகத்தை அவருக்குத் தெரியும். வாரா வாரம் அவரே வெட்டுகிற நகம்.

இடுப்புக்குக் கீழே தன் கால்களை மனசாலேயே தேடிப் பார்த்தார். ஒன்றுமே இல்லை.

கதவு திறந்தது. நீலச் செருப்பு வந்து அந்தக் கால்களை உரசி நின்றது. "அண்ணே, வலது கால் விரலை ஆட்டுங்க."

அவர் ஆட்டவில்லை. தரையில் அந்தக் கட்டைவிரல் மேலே எழுந்து தாழ்ந்தது.

"சூப்பர்," என்றார் ரெஜினா. "நல்லா ஆடுது."

கால்கள் திரும்பின. நடந்தன. கதவுக்கு வெளியே பெஞ்சில் காலையிலிருந்து காத்திருந்த அவர் மனைவி மலர்க்கொடியின் குரல் கேட்டது.

"இன்னாயா, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா? வா, வூட்டுக்குப் போலாம்."

இரண்டு பேர் நடந்து போகும் சத்தம் வராந்தாவில் தேய்ந்தது. கோதண்டத்தின் முதுகுக்குள் தண்ணீர் திரும்ப ஓட ஆரம்பித்தது.