சைபரில் வைத்த குரல்

இரண்டு தடவை பாடினால் போதும் என்றுதான் ரோகிணி வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் மூன்றாவது தடவையும் பாடியது.

சனிக்கிழமை மத்தியானம். திருநகரில் மாடி வீடு. கீழ்வீட்டில் கருவாடு வறுக்கும் வாசனை ஜன்னல் வழியே ஏறிவந்து, மின்விசிறியின் கடகடப்போடும் திருமங்கலம் ரோட்டு பஸ்களின் ஹாரனோடும் கலந்து அறையை நிறைத்துக்கொண்டிருக்க, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கான வரவேற்புப் பாட்டை அவள் திரையில் ஸ்வரம் ஸ்வரமாக எழுதி, ஒவ்வொரு வாத்தியத்தின் சத்தத்தையும் ஏற்றி இறக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு டீச்சருக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தானே மரியாதை! அன்றைக்குப் பிசிறு தட்டிவிடக் கூடாது.

திரும்பப் பாடச் சொல்லும் குறியையே அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். பாட்டு முடிந்தது. அப்பாடா என்று சாய்ந்தாள். அது தானாகப் பல்லவிக்குத் திரும்பியது.

இப்போது வயலின் இல்லை, தபேலா இல்லை. பிள்ளைகளின் குரலுக்கென்று எழுதியிருந்த வரி மட்டும் ஓடியது. அதன் சத்தத்தைச் சைபருக்கு இழுத்தாள். அப்படியும் ஏதோ கேட்டது. ஸ்பீக்கரில் காதை வைத்தாள். பாட்டு இல்லை. உதடு ஒட்டி, பிரிந்து, ஒட்டும் ஈரச் சத்தம். தாளம் தப்பாமல்.

யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஏழாம் வகுப்பு முத்துமீனா. ஆசை ஆசையாய் முதல் வரிசையில் வந்து நின்ற பிள்ளை. சுருதிக்குள் நிற்கவே நிற்காத குரல். போன வாரம் ஒத்திகையில், எல்லார் முன்னாலும், "நீ பாடித் தொலைக்காத. வாய மட்டும் அசை, போதும்" என்று சொல்லிவிட்டாள் ரோகிணி. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ரோகிணியும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. முத்துமீனா அழவில்லை. சொன்னபடி வாயை அசைத்தாள். அன்றிலிருந்து வீட்டிலும் பேச்சில்லை, வாயை அசைக்க மட்டுமே செய்கிறாள்.

"டீச்சர், பள்ளிக்கூடத்துல பிள்ளைய யாரும் ஏதும் சொன்னாங்களா?" என்று முத்துமீனாவின் அம்மா ஜெயக்கொடி போனில் கேட்டபோது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று வாய் கூசாமல் புளுகினாள் ரோகிணி. ஆஸ்பத்திரியில் பிள்ளையின் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அப்போதும் சொல்லவில்லை. சீ, இவளெல்லாம் ஒரு டீச்சர்!

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினாள். சத்தம் நிற்கவில்லை. கம்ப்யூட்டரையே அணைத்தாள். நிற்கவில்லை. பக்கத்தில். ரொம்பப் பக்கத்தில். விரல் மெல்ல மேலே போனது. தன் உதட்டைத் தொட்டாள்.

அசைந்துகொண்டிருந்தது.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. முகத்தைப் பார்த்தே சொல்லிவிட வேண்டும். ஜெயக்கொடிக்கு வீடியோ கால் போட்டாள்.

ஜெயக்கொடியின் முகமெல்லாம் கண்ணீர். கண்ணீரோடு சிரிப்பு.

"டீச்சர்! நானே கூப்பிடணும்னு இருந்தேன். பிள்ளை பேசிருச்சு டீச்சர்! இப்பத்தான்! தொண்டை கட்டுனாப்புல, பெரிய ஆளு குரலா இருக்கு. இருந்துட்டுப் போகுது. அழகருக்கு முடி எடுக்கிறதா நேந்திருந்தேன், கண்ணத் தொறந்துட்டாரு!"

ரோகிணி வாயைத் திறந்தாள். என்னை மன்னிச்சிருங்க என்றாள். ஒன்றும் வரவில்லை. மூச்சு மட்டும்.

"என்ன டீச்சர், லைன் சரியில்லையா? வாய் அசையுது, சத்தத்தக் காணோம்."

மறுபடி சொன்னாள். கத்திச் சொன்னாள். தொண்டை நரம்பு புடைத்தது. ஒன்றுமில்லை.

"இந்தா, பிள்ளையவே பாருங்க."

போன் திரும்பியது. தரையில், தட்டுக்கு முன்னால், முத்துமீனா. நிமிர்ந்தாள். ரோகிணியை நேராகப் பார்த்தாள்.

"அம்மா, எனக்குப் பசிக்குது" என்றது ரோகிணியின் குரல்.

ஜெயக்கொடி அழுதுகொண்டே, அந்த வாய்க்குள் சோற்றை உருட்டி உருட்டி ஊட்டினாள்.