தோள் ஈரம்

கறை அவ்வளவு சுலபமாகப் போயிருக்கக் கூடாது.

வருடக்கணக்காகப் பரணில், பெட்டிக்குள் கிடந்த குழந்தைச் சட்டைகள். எல்லாவற்றிலும் கழுத்தோரம் திட்டுத்திட்டாக மஞ்சள், பால் கக்கிய கறை. பச்சைத் தண்ணீரில்தான் ஊறவைக்க வேண்டும், வெந்நீர் பட்டால் கறை நூலோடு வெந்து ஒட்டிக்கொள்ளும் என்று அக்கா அவளிடம் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவளோ அலுப்பில், குளிக்க வைத்திருந்த வெந்நீரை அப்படியே வாளியில் சாய்த்துவிட்டாள். எட்டாம் மாத வயிற்றோடு குனிந்து நிமிர்வதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது, இதில் புத்தி எங்கே வேலை செய்யும்? எல்லாம் பாழ் என்று தலையில் அடித்துக்கொண்டு முதல் சட்டையை எடுத்தாள். பளிச்சென்று இருந்தது. வாளித் தண்ணீரிலும் மஞ்சள் இல்லை.

மூத்தவனின் சட்டைகள் அவை. குப்புற விழக் கற்றுக்கொள்ளும் முன்பே, தூக்கத்திலேயே போய்விட்டவன். அவள் நினைவில்லாமல் கிடந்தபோது அக்காதான் எல்லாவற்றையும் துவைக்காமலே மடித்து வைத்தாள்.

"வைக்கும்போது வெள்ளை வெளேர்னுதான்டி இருந்துச்சு," என்றாள் அக்கா. பால் கறை அப்படித்தான். கிடக்கக் கிடக்கத்தான் முகம் காட்டும்.

புதுசு வாங்கிக்கொள்ளலாம் என்று கணவன் சொல்லிப் பார்த்தான். அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். அண்ணன் சட்டையை அடுத்தது போட்டுக்கொண்டால் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்தாள். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும். அதைத் தவிர அவளுக்கு ஒன்றும் வேண்டாம். மதியம் சாப்பிட்டு முடித்தால் போதும், உள்ளே உதைக்க ஆரம்பித்துவிடும். வாடகை கொடுக்காமல் இவ்வளவு அட்டகாசமா என்று கணவன் வயிற்றிடம் கேட்பான்.

வெளியே மழை விடுவதாக இல்லை. கூடத்துக்குள்ளேயே கொடி கட்டி, மின்விசிறியைச் சுழலவிட்டு, சட்டைகளை ஒவ்வொன்றாக உதறிப் போட்டாள். சோப்பு வாசனை வரவேண்டிய இடத்தில் வேறு வாசனை வந்தது. இளஞ்சூடான, லேசாகப் புளித்த பால் வாசனை. அது அவளுக்குத் தெரியும். அந்த வாசனையில் முகம் புதைத்துத் தூங்கியவள் அவள். இடது தோளில் ஏதோ ஈரமாகப் பட்டது. கொடியிலிருந்து சொட்டியிருக்கும் என்று நைட்டியை மாற்றிக்கொண்டு மிச்சத்தைக் கசக்கப் போனாள். இடுப்பு விட்டுப்போனது.

கடைசிச் சட்டையும் வெளுத்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. நாற்காலியில் சாய்ந்தாள். கணவன் வேலை முடிந்து வந்து, குடையை மடக்கியபடி அவள் பின்னால் நின்றான்.

"என்ன, முதுகுப் பக்கம் பால் கொட்டியிருக்கு?"

பதிலுக்குக் காத்திராமல் கை கால் கழுவப் போய்விட்டான். அவள் இடது தோளுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தாள்.

ஈரம். வெதுவெதுப்பு. விரலில் மஞ்சள்.

கொடி எதிர்ச் சுவரோரம் இருந்தது. அங்கிருந்து இங்கே சொட்டாது.

அப்போதுதான் நினைவு வந்தது. மதியம் சாப்பிட்டாள். உதை இல்லை. அதற்குப் பிறகும் இல்லை. இரண்டு கையாலும் வயிற்றை அழுத்தினாள். பக்கவாட்டில் படுத்துப் பார்த்தாள். எழுந்து தண்ணீர் குடித்தாள். அசை. ஒரே ஒரு தடவை.

ஒன்றுமில்லை.

கணவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. கொடியில் வெள்ளைச் சட்டைகள் வரிசையாக, ஒரு துளி கறையில்லாமல் ஆடின.

இடது தோள் கனத்தது. வயிற்றில் இருந்த அவளுடைய வலது கை எப்போது மேலே போனது? அது தோளுக்குப் பின்னால், வெறும் காற்றில், மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

காதோரம் சின்னதாக ஒரு ஏப்பம் கேட்டது. முதுகில் சூடாக வழிந்தது.