வெறும் பாத்தி

"நீங்க முப்பத்தேழு" என்றாள் அவள்.

வரப்பில் குனிந்து, தண்ணீர் பாயும் வாய்மடையை அடைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். தூறல் விழுந்துகொண்டிருந்தது. எதிரே, தோல்பையைக் குடையாகத் தலைமேல் பிடித்தபடி ஒரு பெண். முன்பின் தெரியாதவள். வந்ததும் வராததுமாக ஒருவனுடைய வயசைப் பற்றிப் பேசுகிறாள்.

"முப்பத்திரண்டுதான் மேடம்" என்றான். "வெயில்ல கிடக்கிற உடம்பு... கொஞ்சம் கூடத்தான் தெரியும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள். அடக்கியதில் பாதி கண் வழியாக வெளியே போய்விட்டது. அந்தப் பாதியை அவன் பார்த்துவிட்டான்... பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். கண்ணாடி இல்லாமலேயே. மழைக்கு அது உதவாதென்று கழற்றிப் பைக்குள் போட்டிருந்தாள்.

முப்பத்தேழு என்பது வயலின் எண்.

வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் அவள் பொருளாதாரப் பிரிவு. பிரிவில் பணிபுரிபவர்கள் மொத்தம் ஒருவர். நிலையத்தின் இயக்குநர் ஒரு நுண்ணுயிர்ப் பொடி கண்டுபிடித்திருந்தார். மண்ணில் தூவினால் தக்காளி கொட்டோ கொட்டென்று கொட்டும் என்பது அவர் கட்சி. கொட்டுகிறதா, கொட்டினாலும் பொடி வாங்கின செலவுக்குக் கட்டுப்படியாகுமா என்று பார்ப்பது அவள் வேலை. பார்ப்பதற்கு முன்பே பத்தாயிரம் பொட்டலம் அச்சாகி வந்து, இடமில்லாமல், அவள் அறையிலேயே கூரை முட்ட அடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் இயக்குநரின் புன்னகை. கீழே, 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது'. ஆய்வு இனிமேல்தான் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் சின்ன விஷயம்.

நானூற்றுச் சொச்சம் தக்காளி வயல்களுக்கு எண் கொடுத்து, குலுக்கிப் போட்டு முப்பது சீட்டு எடுத்தாள். இயக்குநருக்கும் குலுக்கலில் நம்பிக்கை உண்டு, தனக்கு வேண்டிய சீட்டு வரும்வரை. முப்பத்தேழாம் எண் வயலோ சாலையிலிருந்து வெகுதூரம் உள்ளே, சேற்றில் இறங்கி நடக்க வேண்டிய இடம். அதை விட்டுவிட்டுத் தன் நண்பருடைய தோட்டத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். கார் நிறுத்த இடம் இருக்கிறது, அங்கே விளைவதும் தக்காளிதான் என்றார். விழுந்த எண் விழுந்ததுதான் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

ஆக, அவனை அவள் தேர்ந்தெடுக்கவில்லை. நானூறில் முப்பது. கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டு எடுத்த ஒரு துண்டுக் காகிதம். இதற்குக் காதல் கதைக்காரர்கள் விதி, பூர்வஜன்மம் என்றெல்லாம் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். அவள் படித்த படிப்பில் இதற்கு வாய்ப்பு என்று பெயர்.

வயலுக்கு வயல் ஒரே அளவில் இரண்டு பாத்தி. ஒன்றுக்குப் பொடி. இன்னொன்றுக்கு எதுவும் கிடையாது. நாற்று, தண்ணீர், களையெடுப்பு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுபோல. சுற்றிலும் நிலையத்துக் குச்சிகள், இரண்டாவதன் குச்சியில் பொடியெழுத்தில் ஒரு சீட்டு. எதுவும் போடாததற்கு அவள் குறிப்பேட்டில் 'ஒப்பீட்டுப் பாத்தி' என்று பெயர். முப்பத்தேழின் அம்மா முதல் நாளே அதை 'வெறும் பாத்தி' ஆக்கிவிட்டார். இரண்டாவது வாரத்தில் குறிப்பேட்டிலும் அதுவே ஏறிவிட்டது.

விதிகள் இருந்தன. விவசாயிகளுக்குப் பேர் கிடையாது, எண் மட்டும்தான். அவர்கள் வீட்டில் கை நனைக்கக்கூடாது. சிரித்துப் பேசலாம், நெருங்கக்கூடாது. நெருங்கினால் அவர்கள் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்ல ஆரம்பிப்பார்கள், அப்புறம் ஆய்வு குட்டிச்சுவர். இதை அவள் முப்பது பேருக்கும் எடுத்துச் சொன்னாள். இருபத்தொன்பது பேர் தலையாட்டினார்கள். முப்பத்தேழு மட்டும், அப்படியானால் தனக்குப் பிடித்த பதிலை மேடம் எழுதாமல் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு என்று கேட்டான்.

புதன்கிழமை தோறும் வந்தாள், கூடவே தூறலும். செடி உயரம் அளந்தாள், பூ எண்ணினாள், வீட்டு ஆட்கள் எத்தனை மணி நேரம் வயலில் உழைத்தார்கள் என்று கேட்டு எழுதினாள். வயலில் மட்டுமா, வயலுக்காகவா என்று அவன் அம்மா திருப்பிக் கேட்டார். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

மூன்றாவது வாரம், அவள் கிளம்பும் நேரத்தில், கையில் களைக்கொத்தோடு அவன் கூடவே வரப்பில் நடந்து வந்தான்.

"மேடம், ஒரு சந்தேகம். இந்தப் பொடி நிஜமாவே வேலை செய்யுதுன்னே வச்சுக்குவோம். நானும் போடறேன், பக்கத்து வயல்காரரும் போடறார், நானூறு பேரும் போடறோம். எல்லாருக்கும் கூடை கூடையா காய்க்குது. அன்னிக்குச் சந்தையில விலை என்னவா இருக்கும்?"

அவள் நின்றுவிட்டாள்.

அவளுடைய ஆய்வறிக்கை வரைவின் நாலாம் அத்தியாயம் அதுதான். நாற்பத்திரண்டு பக்கம். இயக்குநர் அதன் தலையில் சிவப்பு மையால் 'தேவையற்றது' என்று எழுதித் திருப்பித் தந்திருந்தார். அந்த நாற்பத்திரண்டு பக்கத்தை இவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல், களை கொத்தப் போய்விட்டான்.

பெண்கள் எதைக் கண்டு மயங்குவார்கள் என்று எழுதுகிறவர்கள் தோள், மீசை, குரல் என்று பட்டியல் போடுவார்கள். விளைச்சல் கூடினால் விலை என்ன ஆகும் என்ற கேள்வியை எவரும் அதில் சேர்த்ததாகத் தெரியவில்லை. அன்று அவள் பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய் இறங்கினாள்.

அக்கா வீட்டு மாடியில் அவளுக்கு ஓர் அறை. அக்கா கீழே தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே உலகத்தைக் கவனிப்பவள். செவ்வாய் ராத்திரியே துணி தேய்க்கிறாயே, தக்காளிச் செடி அப்படியென்ன உன்னை நிமிர்ந்தா பார்க்கப்போகிறது என்று விசாரித்தாள். அறிவியலுக்குச் சுத்தம் முக்கியம் என்று பதில் வந்தது. அக்கா மெஷினை இன்னும் கொஞ்சம் வேகமாக மிதித்தாள்.

காய்ப்பு முடிந்து, எடைகளைக் கூட்டிப் பார்த்தபோது சங்கடம் வந்தது. இருபத்தொன்பது வயலில் பொடிப் பாத்தி ஒரு கை கூடுதல். முப்பத்தேழில் மட்டும் வெறும் பாத்தி பொடிப் பாத்தியைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. அதைச் சேர்த்துச் சராசரி போட்டால் பொடி கட்டுப்படியாகாது. அதை விட்டுவிட்டுப் போட்டால் நூலிழையில் கட்டுப்படியாகும்.

தரவு தானாகப் பேசும் என்பது இயக்குநர் மேடைதோறும் சொல்வது. பேசுவதற்கு முன் அதன் காதில் அவர் ஏதாவது சொல்லிவைப்பார். இப்போதும் அவளைக் கூப்பிட்டு, முப்பத்தேழு ஒரு கோளாறு, அதை எடுத்துவிடு, அறிவியலில் துணிச்சல் வேண்டும் என்றார்.

மதிப்பீட்டுக் குழு கூடிய அன்று அவளுக்குத் துணிச்சல் வந்தது, வேறு திசையில். ஏழு பேர் முன்னால் எழுந்து நின்று, பிடிக்காத விடையைத் தந்தது என்பதற்காக ஒரு வயலை நீக்க முடியாது என்றாள். அந்த விவசாயி ஒரு வாரம்கூடத் தவறாமல் சொன்னபடி செய்தவர், அவர் நேர்மைக்கு நான் பொறுப்பு என்றாள். குரல் கொஞ்சம் தேவைக்கு மேலேயே உயர்ந்துவிட்டது. குழுத் தலைவி, ஓய்வு பெற்ற பேராசிரியை, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். சரி, இரண்டு பாத்தியையும் ஒன்றுபோலப் பராமரித்ததாக அவரிடம் ஓர் ஒப்பம் வாங்கி வெள்ளிக்கிழமை கொண்டு வா, வயல் இருக்கட்டும், பொடி வெளிவருவது நிற்கட்டும் என்று முடித்தார். இயக்குநரின் புன்னகை பொட்டலத்தில் மட்டும் மிச்சமிருந்தது.

புதன்கிழமை அவள் வரப்பில் நடக்கவில்லை, ஓடினாள். மூச்சு வாங்கியபடி எல்லாவற்றையும் அவனிடம் ஒப்பித்தாள்... நான் இப்படிச் சொன்னேன், அவர் அப்படி விழித்தார்... காகிதத்தையும் பேனாவையும் நீட்டினாள். அவன் வாங்கினான். படித்தான். இன்னொரு தரம் படித்தான்.

"இதுல கையெழுத்துப் போட முடியாது மேடம்."

"ஏன்?"

"வெறும் பாத்திக்கு நான் எரு போட்டேன். வாரம் ஒரு கூடை."

தூறல் விழுந்துகொண்டேதான் இருந்தது. அவளுக்குத்தான் சத்தம் நின்றுபோனது.

"எதுக்கு?"

அவன் மண்ணைப் பார்த்தபடி சொன்னான். "நீங்க வரும்போதெல்லாம் அந்தப் பாத்தி முன்னாடிதான் ரொம்ப நேரம் நிப்பீங்க. புருவம் சுருங்கும்... கண்ணு கலங்கின மாதிரி இருக்கும். நாலு செடி மஞ்சளடிச்சு நின்னுச்சு. உங்களுக்கு மனசு தாங்கலைன்னு நினைச்சேன். அடுத்த வாரம் வரும்போது கொஞ்சம் பச்சையா இருந்தா..."

காகிதத்தில் விழுந்த துளியைத் துடைத்தான்.

அந்தக் கண்களில் அவன் கண்ட சோகத்துக்கு மருத்துவத்தில் கிட்டப்பார்வை என்று பெயர். கண்ணாடி இல்லாமல், குச்சியில் கட்டிய சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்க அவள் வாராவாரம் பட்ட பாடு அது. அவளுடைய ஆராய்ச்சி, நற்பெயர், ஏழு பேர் முன்னால் உயர்த்திய குரல்... எல்லாம் ஒரு பொடியெழுத்துச் சீட்டின் மேல் நின்றிருக்கிறது.

"சொல்லாமலே இருந்திருக்கலாமே" என்றாள். கேட்க நினைத்தது வேறு. வாயில் வந்தது இதுதான்.

"இருந்திருக்கலாம். என்னை நம்பி அத்தனை பேர் முன்னாடி நின்னதா சொல்லிட்டீங்களே." பேனாவை மூடினான். "நீங்க போடச் சொன்னா இப்பவே போடறேன். ஆனா தெரிஞ்சுக்கிட்டுப் போடச் சொல்லுங்க."

ஒரு கணம்... ஒரே ஒரு கணம், போடுங்கள் என்று சொல்ல அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. பிறகு காகிதத்தை அவன் கையிலிருந்து உருவிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

சாயங்காலம் அக்காவிடம் பொரிந்து தள்ளினாள். அவனை நம்பியது முட்டாள்தனம் என்றாள். இயக்குநர் முன்னால் போய், நீங்கள் சொன்னதுதான் சரி, நீக்க வேண்டிய வயல்தான் என்று எப்படிச் சொல்வது என்றாள். எதற்காகச் சரி என்று அவருக்கே தெரியாது, ஆனாலும் அவர் சொன்னது சரியாகிவிட்டதே, அதுதான் தாங்கவில்லை என்றாள். அக்கா பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"கையெழுத்துப் போட்டிருந்தா நீ ஜெயிச்சிருப்ப. அவனுக்கும் நல்ல பேரு. அவனை நீக்கிட்டா நீ அந்தப் பக்கமே வரமாட்டேன்னு அவனுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சே ஒருத்தன் தனக்கு நஷ்டமானதைச் செய்யறான். அதுக்கு உன் படிப்புல என்ன பேருடி?"

அவள் படித்த பாடத்தில் மனிதர்கள் எப்போதும் தங்கள் லாபத்தையே பார்ப்பார்கள். புத்தகம் முழுக்க அப்படித்தான். அந்தப் புத்தகத்தை எழுதியவர்களுக்கு ஒரு கூடை எரு சுமந்த அனுபவம் இருந்திருக்காது என்று அன்றைக்குத் தோன்றியது. மாடிக்குப் போய், அறிக்கையை எடுத்து, முப்பத்தேழின் மேல் ஒரு கோடு போட்டாள். கோடு நேராக வரவில்லை.

வெள்ளிக்கிழமை குழுவின் முன் எழுந்து, தான் சொன்னது தவறு, வெறும் பாத்திக்கு எரு போயிருக்கிறது, வயலை நீக்கிவிடலாம் என்றாள். குரல் போன தடவை போல உயரவில்லை. நடுங்கவும் இல்லை. இயக்குநர் எழுந்து, இளம் விஞ்ஞானிகள் தவறு செய்வதும் மூத்தவர்கள் மன்னிப்பதும் பற்றிப் பதினோரு நிமிடம் பேசினார். உட்கார்ந்ததும் குழுத் தலைவி அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நூலிழையில் கட்டுப்படியாகிறது என்கிறாயே, எல்லோரும் வாங்கிப் போட்டு, சந்தையில் விலை சற்று இறங்கினால்?

இறங்கினால் கட்டுப்படியாகாது என்றாள். அதற்கு நாற்பத்திரண்டு பக்கம் இருக்கிறது என்றும் சொன்னாள்.

நாலாம் அத்தியாயம் திரும்பச் சேர்ந்தது. பொடி வெளிவர அனுமதியும் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. 'நிரூபிக்கப்பட்டது' என்பதற்கு மேலே 'பலன் சந்தை விலையைப் பொறுத்தது' என்று சீட்டு ஒட்ட வேண்டும். பத்தாயிரம் பொட்டலத்திலும். இயக்குநரின் தாடையில்தான் அதற்கு இடம் இருந்தது.

நீக்கப்பட்ட வயலிலிருந்து நிலையத்துக் குச்சிகளைப் பிடுங்கி வர வேண்டும் என்பது நடைமுறை. யாரை அனுப்பினாலும் நடக்கும் வேலை. சனிக்கிழமை காலை அவளே போனாள்.

அவன் அம்மா அவளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், மோட்டார் கொட்டகையில் ஏதோ வேலை கிடப்பதாகச் சொல்லிக்கொண்டு நகர்ந்துவிட்டார். அவன் ஒரு பக்கக் குச்சிகளைப் பிடுங்கினான், அவள் மறுபக்கம். மழை பிடித்தது. மெல்லிய மழை... இலைமேல் விழுவது தெரியும், தோள்மேல் விழுவது தெரியாது.

கோபமா என்று கேட்டான். புதன்கிழமை இருந்தது, வியாழன் வரை இழுத்தது, இப்போது தேடினாலும் கிடைக்கவில்லை என்றாள்.

"நீக்கினதுக்குக் காரணம் எழுதணும். தனியா ஒரு கட்டம் இருக்கு" என்றாள். "வெறும் பாத்திக்கு எரு போட்டாங்கன்னு எழுதியிருக்கேன்."

"சரிதானே?"

"பாதிதான் சரி..." குச்சிகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டே சொன்னாள். "ஆய்வாளர் நடுநிலையா இல்லைன்னும் எழுதியிருக்கணும். அதை விட்டுட்டேன்."

எதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பவன் கடைசிக் குச்சியின் சேற்றைத் துடைத்தான். புரிவது முகத்தில் மெதுவாக ஏறியது.

"எந்த வாரத்துலேர்ந்து?" என்றான்.

"மூணாவது வாரம்." நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க?"

"எரு போட ஆரம்பிச்சது ரெண்டாவது வாரம்" என்றான் அவன். அந்த வாக்கியத்தில் மேடம் இல்லை.