இரண்டாவது வளையத்தில் விழுந்த விசில்

ஒரு விசில் அடித்தால் பஸ் நிற்கும். இரண்டு அடித்தால் கிளம்பும். என் தம்பிக்கு எழுத்து தெரிவதற்கு முன்பே இது தெரியும். எங்கள் அப்பா பஸ் கண்டக்டர்.

படியில் யாராவது ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கிறார்களா என்று முன்னும் பின்னும் பார்ப்பார். அதன் பிறகுதான் இரண்டு விசில் கொடுப்பார்.

அப்பா இறந்தபோது எனக்குப் பத்து வயது. தம்பிக்கு ஐந்து. அப்பாவின் கறுப்பு விசிலைச் சிவப்புக் கயிற்றோடு எடுத்து அவன் கழுத்தில் மாட்டிக்கொண்டான். குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவான். அதற்குப் பிறகு, அவன் இரண்டு விசில் கொடுக்காமல் வீட்டில் யாரும் தட்டில் கை வைக்க முடியாது. மாமா அவனைக் கண்டக்டர் என்றே கூப்பிடுவார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எங்களை ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அழைத்துப் போனவர் அவர்தான். இரண்டு நாள் அங்கேயே விடுதியில் தங்கினோம். வாசலில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் மரம். பூங்கா முழுக்க வெள்ளைப் பஞ்சை விரித்துப் பனி பெய்த மாதிரி செய்திருந்தார்கள். தம்பி குனிந்து அந்தப் பனியைத் தொட்டுப் பார்த்தான். "இது தலகாணிக்குள்ள இருக்கறது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டான்.

ரோலர் கோஸ்டரில் ஏற அவனுக்கு உயரம் போதவில்லை. நானும் மாமாவும் போனோம். போகும்போது தம்பி விசிலைக் கழற்றி என் கழுத்தில் போட்டான். தான் போக முடியாவிட்டாலும் விசிலாவது போய் வரட்டுமாம்.

"கழட்டவே கூடாதுக்கா. சத்தியம்?"

"சத்தியம்."

ஏறும் இடத்தில், கழுத்தில் இருப்பது, பையில் இருப்பது எல்லாவற்றையும் தட்டில் வைக்கச் சொன்னார்கள். நான் விசிலைச் சட்டைக்குள் தள்ளி மறைத்துக்கொண்டேன். சத்தியம் செய்திருக்கிறேனே.

வண்டி ஒரு வளையத்தில் எங்களைத் தலைகீழாகச் சுற்றியது. ஒரு பள்ளத்தில் விழுந்தது. இன்னொரு வளையத்தில் மறுபடி தலைகீழ். இறங்கி, கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். கயிறு இல்லை.

நல்லவேளையாக, அலைந்த களைப்பில் தம்பி அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். மாமா வாசலில் இருந்த கடையில் நின்று, வண்டியில் போகும்போது எடுத்த எங்கள் படத்தை வாங்கினார். படத்தில் அவருடைய வாய் தவலை மாதிரி திறந்திருந்தது. அம்மா அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது?

அறைக்கு வந்ததும் மாமாவிடம் மட்டும் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். கீழே கடையில் அதே மாதிரி கறுப்பு விசில் தொங்குகிறதாம். சிவப்புக் கயிறு மாட்டிவிட்டால் போதுமாம்.

"சின்னப் பையன். அவனுக்கு எங்க தெரியப் போகுது?"

"தெரியும் மாமா. அதுல அப்பாவோட பல் பட்ட தடம் இருக்கு."

விசிலின் வாய்ப்பக்கத்தில் சின்னப் பள்ளம் ஒன்று உண்டு. டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் அப்பா விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டே இருப்பார். தம்பி தூங்குவதற்கு முன் அந்தப் பள்ளத்தை நாக்கால் தொட்டுப் பார்ப்பான். அந்தத் தடத்தை எந்தக் கடையில் வாங்குவது?

தம்பி கண் விழித்ததும் நானே சொன்னேன். தட்டில் வைக்கச் சொன்னதையும், நான் மறைத்ததையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவன் அழுவான் என்று காத்திருந்தேன். அவனோ ஒரு கேள்வி கேட்டான்.

"அது விழுந்தப்ப சத்தம் கேட்டுச்சா?"

கேட்கவில்லை என்றேன். எங்கே விழுந்தது என்றான். தெரியாது என்றேன். எப்போது விழுந்தது என்றான். அதுவும் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். மேசையில் அந்தப் படம் கிடந்தது.

எடுத்து விளக்கடியில் பிடித்தேன். மாமாவின் தவலை வாய்க்குப் பக்கத்தில் என் முகம். என் தாடைக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு காற்றில் மிதந்துகொண்டிருந்தது. கயிறு! சட்டையிலிருந்து வெளியே வந்திருக்கிறது, ஆனால் கழுத்தில்தான் இருக்கிறது.

"மாமா, இந்தப் படத்த எங்க எடுத்தாங்க?"

"பள்ளத்துல. கேமராவோட வெளிச்சம் அடிச்சது அங்கதான். என் உயிர் போனதும் அங்கதான்."

பள்ளம் முதல் வளையத்துக்கு அப்புறம் வந்தது. அதற்குப் பிறகு தலைகீழாகப் போனது ஒரே ஒரு இடத்தில். அப்படியென்றால் விசில் விழுந்தது இரண்டாவது வளையத்தில். அம்மா படத்தை என் கையிலிருந்து வாங்கி வெகுநேரம் பார்த்தாள். இந்த முறை மாமாவின் வாயைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, பூங்கா திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றோம். காவலாளியிடம் அம்மா பேசினாள். அவர் எங்களை வண்டிப் பாதையின் வேலி வரை கூட்டிப்போனார். தலைக்கவசம் போட்ட ஒரு அண்ணன் வாளியும் நீளமான இடுக்கியுமாக அங்கே வந்தார். வண்டி ஓடத் தொடங்குவதற்கு முன், பாதைக்கு அடியில் நடந்து, முந்தின நாள் விழுந்ததைப் பொறுக்குவது அவருடைய வேலை.

நான் படத்தைக் காட்டி விவரம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் இரண்டாவது வளையத்தின் அடியில் ஒரு மைதானம் அளவுக்குப் பஞ்சு விரித்திருந்தது.

"இதுக்குள்ள விழுந்தது அப்படியே புதைஞ்சிடும்மா. அலங்காரத்தப் பிரிக்கறப்பதான் கிடைக்கும். மொத்தத்தையும் புரட்ட எனக்கு நேரம் இல்ல. இன்னும் அரை மணியில வண்டி விட்டுப் பாப்பாங்க."

அலங்காரத்தைப் பிரிக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. நாங்கள் மதியமே ஊருக்குக் கிளம்ப வேண்டும். தம்பி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த வெள்ளை மைதானத்தையே பார்த்தான்.

எனக்கு ஒன்று தோன்றியது. "அண்ணா, பஞ்சு போடறதுக்கு முன்னாடி, இந்த வளையத்துல விழுந்ததெல்லாம் எந்த இடத்துல கிடைக்கும்?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. வளையத்தை அண்ணாந்து பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"பெரும்பாலும் நாலாவது தூணுக்கு இந்தப் பக்கம். தொப்பியா இருந்தாலும் சீப்பா இருந்தாலும் அங்கதான் வந்து விழும்."

எங்களை வேலிக்கு வெளியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். நான்காவது தூணருகே பஞ்சின் ஓரத்தைப் பிடித்துப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டினார். இடுக்கி குனிந்து குனிந்து நிமிர்ந்தது. ஒரு மூக்குக் கண்ணாடி. மூன்று சீப்பு. ஒற்றைச் செருப்பு. அடுத்து ஒரு பல் செட்டு.

"பல்லைத் தொலைச்சவர் கேக்கை எப்படிச் சாப்பிட்டாரோ" என்று மாமா கவலைப்பட்டார்.

தம்பி சிரிக்கவில்லை. இடுக்கியைவிட்டு அவன் கண் நகரவில்லை.

மறுபடி இடுக்கி நிமிர்ந்தபோது, அதன் நுனியில் சிவப்பாக ஏதோ தொங்கியது.

அந்த அண்ணன் விசிலைத் துணியில் துடைத்து வேலிக்கு மேலாகக் கொடுத்தார். தம்பி வாங்கி, நாக்கால் தொட்டான். பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டினான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையோ தேடுவது போலக் கைப்பையைத் திறந்தாள்.

வண்டி விட்டுப் பார்க்கும் நேரம் வந்தது. அண்ணன் பஞ்சைப் பழையபடி விரித்துவிட்டு வேலிக்கு வெளியே வந்தார். அடியில் யாரும் இல்லை என்று அவர் கொடி காட்டிய பிறகுதான் மேலே இருப்பவர் பொத்தானை அழுத்துவாராம். கொடியைக் கையில் எடுத்தவர் தம்பியின் விசிலைப் பார்த்தார்.

"நான் கொடி காட்டறேன். நீ விசில் குடுக்கறியா?"

தம்பி உடனே ஊதவில்லை. முன்னால் பார்த்தான். பின்னால் பார்த்தான். வளையத்தின் அடியிலும் குனிந்து பார்த்தான். அப்புறம் இரண்டு விசில் கொடுத்தான். கொடி அசைந்தது. மேலே காலி வண்டி ஒருமுறை குலுங்கி, மெதுவாக ஏறத் தொடங்கியது.

தம்பி திரும்பிப் பார்த்தான். "மாமா, வண்டி கிளம்பிடுச்சு. நீ ஏறலையா?"

மாமா வேலிக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நான் இந்த ஸ்டாப்லயே இறங்கிக்கறேன், கண்டக்டர்."