ரொக்காவின் கழுத்தில் என் சிம்

அந்த வேலையைச் செய்ய எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

எங்கள் நாய் ரொக்காவின் கழுத்துப்பட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி இருக்கும். அதன் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த சிம் கார்டை எடுத்து என் போனில் போட்டேன். என் சிம் கார்டைக் கருவிக்குள் வைத்து மூடினேன். ரொக்கா என் கையை நக்கிக்கொண்டே நின்றான். நான் எதை நோண்டினாலும் அவனுக்குத் தின்ன ஏதோ வரப்போகிறது என்று நம்புவான்.

ரொக்கா வேட்டை நாய். சாம்பல் நிறம், சுருண்ட வால், ஆறு வயது. எல்க் மானைத் தேடிக் காட்டுக்குள் விட்டால் பத்து கிலோமீட்டர்கூட ஓடிவிடுவான். அவன் இருக்கும் இடத்தை அந்தக் கருவிதான் அப்பாவின் போனுக்குச் சொல்லும். வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி நகரும். அதுதான் ரொக்கா.

அதற்காக அப்பா நாயின் சிம்முக்கு அளவில்லாத டேட்டா போட்டிருந்தார். எனக்கோ மாதத்துக்கு இரண்டே ஜிபி. இந்த வீட்டில் நாய்க்கு இருக்கும் மரியாதை எனக்கு இல்லை என்று அம்மாவிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அம்மா சிரிப்பதோடு சரி.

சனிக்கிழமை என் தோழி ஈரிஸ் குச்சிக்குதிரைப் போட்டியில் கலந்துகொண்டாள். குச்சியில் துணிக்குதிரைத் தலையை மாட்டி, அதன்மேல் ஏறிக்கொண்டதுபோல் ஓடித் தடைகளைத் தாண்ட வேண்டும். நேரலையில் பார்ப்பேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்திருந்தேன். ஆனால் எங்கள் வீட்டு இணையப் பெட்டி கோடையில் இடி விழுந்து கருகிவிட்டது. என் டேட்டாவும் தீரும் நிலையில் இருந்தது.

ரொக்காவுக்கு அப்போது பாதத்தில் காயம். "இந்த வாரம் அவனுக்கு லீவு" என்று அப்பாவே சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கார்டை மறுபடி மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எழுந்து சமையலறைக்கு வந்தேன். ரொக்காவின் படுக்கை காலியாக இருந்தது. கழுத்துப்பட்டையும் கொக்கியில் இல்லை. மேசையில் அப்பா எழுதிவைத்த சீட்டு இருந்தது.

"பாசியின் நாய்க்கு வயிறு சரியில்லை. ரொக்கா நன்றாக நடக்கிறான். அவனைக் கூட்டிப்போகிறேன். அடுப்பில் கஞ்சி இருக்கிறது."

பாசி என் சித்தப்பா. அவருடைய நாய் கண்டதையும் தின்னும். அதன் வயிறு கெட்டதில் ஆச்சரியமில்லை. ஆனால் ரொக்காவின் கழுத்தில் இருந்தது என் கார்டு.

அப்போதே அப்பாவுக்கு போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. 'என் கார்டில் இன்னும் கொஞ்சம் டேட்டா இருக்கிறது, அது போதும், ஒன்றும் ஆகாது' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போட்டியையும் பார்த்தேன். ஈரிஸ் மூன்றாவது தடையில் குதிரையோடு சேர்ந்து விழுந்தாள். எனக்குச் சிரிப்பே வரவில்லை.

மூன்று மணிக்கு வெளியே இருட்ட ஆரம்பித்தது. எங்கள் பனி நாட்டில் நவம்பர் மாதம் அப்படித்தான். பனியும் மழையும் கலந்து பெய்தது. அம்மா நகரத்து மருத்துவமனையில் வேலையில் இருந்தாள். நான் கெட்டிலில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தேன்.

போன் அடித்தது. 'அப்பா' என்று காட்டியது. எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவின் குரல் கேட்டது.

"ரொக்கா..."

அப்பா என்னைக் கூப்பிடவில்லை. நாயைக் கூப்பிடுகிறார். நாயின் எண்தான் இப்போது என் போனில் இருக்கிறதே!

அந்தக் கருவிக்கு போன் போட்டால் அது தானாகவே எடுத்துக்கொள்ளும். நாய் குரைப்பது நமக்குக் கேட்கும். ஆனால் நாம் பேசுவது நாய்க்குக் கேட்காது. அது அப்பாவுக்கும் தெரியும். இருந்தும் பேசினார்.

"எங்கடா கண்ணு இருக்க? ஒரு தடவை குரைடா. ஒரே ஒரு தடவை. நான் வந்துடுறேன்."

என் அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. சாப்பிடும்போது "உப்பு" என்பார். அவருக்கு அதுவே நீளமான பேச்சு. அவர் குரல் இப்படித் தழுதழுத்து நான் கேட்டதே இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் தண்ணீர் கொதித்துத் தளதளவென்று சத்தம் போட்டது.

"தண்ணிச் சத்தமா அது?" என்றார் அப்பா. "ஆத்துகிட்டயா இருக்க? நான் வரேன்டா. அங்கயே இரு!"

போனை வைத்துவிட்டார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரொக்கா ஆற்றுப் பக்கம் இல்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்குமே தெரியாது. அப்பா என் கெட்டிலின் சத்தத்தைத் துரத்திக்கொண்டு இருட்டுக்குள் ஓடுகிறார்.

சொன்னால் அப்பா இனி என் முகத்திலேயே விழிக்க மாட்டார் என்று பயந்தேன். அந்தப் பயத்திலேயே ஏழு நிமிடம் போனது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் எனக்கு அது சரியாகத் தெரியும். பிறகு அப்பாவுக்கு போன் போட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தார்.

"ரொக்கா!"

அவருடைய போனில் அப்படித்தான் காட்டியிருக்கும். நாய் எங்காவது போன் செய்யுமா என்றுகூட அவர் யோசிக்கவில்லை.

"அப்பா... நான்தான். சைமி."

"சைமியா? நீ எப்படி இந்த நம்பர்ல..."

"நாயோட சிம் என் போன்ல இருக்கு. என் சிம்தான் அவன் கழுத்துல. நான்தான் மாத்தினேன். நீங்க கேட்டது கெட்டில் சத்தம். ஆத்துக்குப் போகாதீங்க அப்பா!"

ஓடிக்கொண்டிருந்த அப்பாவின் காலடிச் சத்தம் நின்றது. திட்டினால்கூட நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"நேத்து இங்க ஓநாய்த் தடம் பார்த்தோம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் நான் அழுதால் ரொக்கா கிடைத்துவிடுவானா?

"அப்பா, புள்ளி எப்ப நின்னுச்சு?"

"பன்னெண்டு மணிக்கு. சிக்னல் இல்லன்னு நெனச்சேன்."

"சிக்னல் இல்லாம இல்ல. என் கார்டுல டேட்டா தீர்ந்துபோச்சு. என் நம்பருக்கு இப்பவே ரீசார்ஜ் பண்ணுங்க. புள்ளி மறுபடி வரும். அதுவரைக்கும் என் நம்பருக்கு போன் போட்டுக் கேளுங்க. டேட்டா இல்லாட்டியும் போன் எடுக்கும்."

அப்பா உடனே வைத்துவிட்டார். நான் ஜன்னலருகே போய் நின்றேன். வெளியே ஒன்றுமே தெரியவில்லை. மறுபடி போன் அடிக்க ஒரு யுகம் ஆனதுபோல் இருந்தது.

"முனகுறான்" என்றார் அப்பா. "உயிரோட இருக்கான்."

"புள்ளி?"

"வந்துருச்சு. முஸ்தலம்பிக் குளத்துப் பக்கம். நான் நேர் எதிர்த் திசையில ஓடிட்டு இருந்திருக்கேன்."

பீவர் என்ற நீர்விலங்குகள் கட்டிய மர அணையில் ஒரு கிளை ரொக்காவின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவன் பாதி உடல் தண்ணீருக்குள் இருந்தது. பின்னங்கால் கட்டைகளுக்கிடையே மாட்டியிருந்தது. அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்து காருக்கு வந்தார். வழியில் வீட்டுக்கு வந்து என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனார். ரொக்காவின் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அவன் நடுங்கிக்கொண்டே இருந்தான். நடுங்கிக்கொண்டே என் கையையும் நக்கினான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பிழைச்சுக்குவான்" என்றார் மருத்துவர். "ஆனா அந்தக் கால் ரொம்ப நேரம் நசுங்கியிருக்கு. பழைய மாதிரி ஓட மாட்டான்."

திரும்பி வரும்போது அப்பா ஒரே ஒருமுறைதான் பேசினார்.

"மத்தியானமே புள்ளி தெரிஞ்சிருந்தா..."

அதோடு நிறுத்திக்கொண்டார். அவர் முடிக்காத அந்த வாக்கியத்தை நான் இன்றைக்கும் மனதுக்குள் முடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மறுநாள் பாசி சித்தப்பா ஏலக்காய் ரொட்டியோடு வந்தார். ரொக்கா காலில் கட்டோடு அடுப்பருகே தூங்கினான். கழற்றிவைத்த கழுத்துப்பட்டை மேசையில் கிடந்தது. சித்தப்பா அதை விரலால் தள்ளினார்.

"அண்ணே, இதைத் தூக்கிப் போடு. இப்ப இ-சிம் வெச்ச பட்டை வந்திருக்கு. கார்டே கிடையாது. எல்லாம் உள்ளேயே இருக்கும். மூடி இல்லாததால தண்ணியும் போகாது. எந்தக் கம்பெனி சிக்னல் நல்லா இருக்கோ, அதையே பிடிச்சுக்கும்."

"அந்தப் பட்டையை வித்த கம்பெனி கடையை மூடிட்டா?" என்றார் அப்பா. "இதுல கருவி கெட்டாலும் கார்டை எடுத்து வேற கருவியில போட்டுக்கலாம். கார்டு பிடிக்கலன்னா வேற கார்டு."

"அப்படி எடுக்க முடிஞ்சதாலதானே இந்தக் கூத்து? வீட்டுக்குள்ளயே ஒரு கார்டுத் திருடி இருக்கா. இ-சிம்தான் உனக்குச் சரி." சித்தப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"சித்தப்பா சொல்றது சரிதான் அப்பா" என்றேன். "அதையே வாங்குங்க. நான் நெனச்சாலும் எடுக்க முடியாது."

அப்பா காபியைக் கலக்கினார். அவர் காபியில் சர்க்கரையே போடுவதில்லை. இருந்தும் வெகுநேரம் கலக்கினார்.

"பட்டை நாய்க்கு" என்றார் கடைசியில். "உனக்குப் பூட்டு வாங்க நான் கடைக்குப் போகல."

சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு இன்னொரு ரொட்டியை எடுத்து அந்த வாய்க்குள் போட்டுக்கொண்டார்.

அப்பா மூடியைத் திருகும் சின்னத் திருப்புளியை என் பக்கம் நகர்த்தினார். "எந்த கார்டு எங்க இருக்குன்னு உனக்குத்தான் தெரியும். மாத்தி வை."

இருவரும் விறகு எடுக்க வெளியே போனார்கள். நான் என் போனிலிருந்து நாயின் கார்டை எடுத்தேன். ஈரம் இருந்துவிடக் கூடாதே என்று துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். கருவிக்குள் இருந்த என் கார்டை எடுத்துவிட்டு, நாயின் கார்டை அதன் இடத்தில் வைத்து மூடியைத் திருகினேன். வெள்ளிக்கிழமை இரண்டு நிமிடத்தில் முடிந்த வேலைக்கு இப்போது கால்மணி நேரம் ஆனது.

அப்பா விறகோடு உள்ளே வந்தார். கழுத்துப்பட்டையை எடுத்துக் கதவருகே இருந்த கொக்கியில் மாட்டிவிட்டு அடுப்பை மூட்டப் போனார். மூடியைத் திறந்து பார்க்கவே இல்லை.