இறுகாத சிமென்ட்

எலும்பை ஒட்டவைக்கும் சிமென்ட்டை இன்னும் கலக்கவே இல்லை; அதற்குள் அதன் வாடை வந்துவிட்டது. நகப்பூச்சைப் போல மூக்கை அரிக்கும் அந்த வாடையைத் தூக்கத்தில்கூட டாக்டர் அடையாளம் சொல்லுவார். நொறுங்கிய முதுகெலும்புக்குள் ஊசி வழியாக அதைச் செலுத்தியே பேர் வாங்கியவர், குளியலறையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு நொறுங்கி, இன்று தன் மாணவனிடமே முதுகைக் காட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தார். மரத்துப்போக ஊசி போட்டது முதுகில் மட்டும்தான். நினைவு முழுசாக இருந்தது. முகம் பதிக்கும் ஓட்டை வழியே தரை தெரிந்தது.

“முதுகுல குத்தணும்னு உனக்கு ரொம்ப நாள் ஆசைதானே?”

மாணவன் சிரித்தான். “சும்மா படுங்க சார்.”

சிரிப்பு அவருக்கு வரவில்லை. எழுந்து நடக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

எக்ஸ்ரே இயந்திரம் முனகியது. தரையில் மாணவனின் பச்சைச் செருப்பு, சிஸ்டரின் வெள்ளைச் செருப்பு. இரண்டுக்கும் நடுவில், சத்தமே இல்லாமல் வந்து நின்றன இரண்டு வெறும் பாதங்கள்.

“சிஸ்டர், செருப்பில்லாம யாரு உள்ள வந்தது?”

“யாரும் வரலையே சார்.”

அந்தப் பாதங்களை அவருக்குத் தெரியும். காலைதோறும் குண்டூசியால் குத்தி, “தெரியுதாம்மா?” என்று கேட்ட பாதங்கள். வருஷங்களுக்கு முன் அவரிடம் வந்த ஒரு தையல்காரியுடையவை. அவளுக்கு, சிமென்ட் பசைபோலக் கெட்டிப்படும்வரை பொறுக்காமல், பக்கவாட்டில் படம் எடுத்துப் பார்க்காமல் அவசர அவசரமாகச் செலுத்தியிருந்தார். அது கசிந்து நரம்பைப் பொசுக்கியது; அவள் கால்கள் இரண்டும் செயலிழந்தன. “எலும்பு அப்படி, நான் என்ன செய்ய?” என்று அவள் கணவனிடம் கைவிரித்துவிட்டார். படுக்கைப்புண்ணில் அழுகி, அவரைச் சபித்துக்கொண்டே அவள் போய்ச் சேர்ந்தாள்.

“பக்கவாட்டுல பாரு!”

“பார்த்துட்டேதான் போடறேன் சார். அழகா உள்ள நிக்குது.”

சூடு. முதுகில் இல்லை. தொடையில். முழங்காலில்.

“கால் சுடுது. நிறுத்து!”

“அசையாதீங்க. கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்.”

அன்று அவள் கதறியபோது அவர் சொன்ன அதே பதில்.

சூடு அடங்கியது. பிறகு காலில் எதுவுமே தெரியவில்லை.

“முடிஞ்சுது சார். எங்க, கட்டைவிரலை ஆட்டுங்க பார்ப்போம்.”

மூச்சைப் பிடித்து ஆட்டினார்.

தரையில் அவளுடைய கட்டைவிரல் ஆடியது.

“ஆட்டுங்க சார்.”

மறுபடி முயன்றார். அவளுடைய ஐந்து விரல்களும் விரிந்து மடங்கின.

“சார்?”

அவர் முயல்வதை நிறுத்திவிட்டார். பாதங்கள் நிறுத்தவில்லை. வலது பாதம் எழுந்து ஊன்றியது. பிறகு இடது. தள்ளாடி, நிதானித்து, கதவுப் பக்கமாக நடக்க ஆரம்பித்தன.