கயிறு இல்லாத கொடி

கரீமுக்கு இடுப்பு விண்விண் என்று தெறித்தது. இரவு முழுக்க ஸ்டேஷனின் சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"பட்டுக்கொடிய என்ன பண்ணுனீங்க பாய்? லுங்கி தெச்சுட்டீங்களா?" என்றார் ஏட்டு.

"கண்ணாலயே பாக்கலீங்க. கிழிசலுக்கு வலைத்துணி வெச்சுத் தைக்கோணும்னு வரச்சொன்னாங்க. கொடி வெச்ச பொட்டிக்குத் திரை போட்டிருந்துச்சு. சித்த நேரம் ஒக்கார வெச்சுப்போட்டு, நாளைக்கு வான்னு அனுப்பிப்போட்டாங்க."

ஆர்.எஸ்.புரத்தில் மில் முதலாளி கிருபாசங்கரின் கூடத்திலிருந்த பழைய பிரிட்டிஷ் படைக்கொடி நேற்று மாலை காணோம். கடைசியாக அங்கே இருந்தவர் தையல்காரர் கரீம், கையில் ஒரு துணிப்பையோடு. அவரைப் பிடித்து வந்தது எஸ்.ஐ. அன்புச்செல்விதான்.

காலை பத்து மணி. அன்புச்செல்வி அந்தக் கூடத்தில் நின்றார். உயரமான கண்ணாடிப் பெட்டிக்குள் வெறும் கழி. அதில் மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம்.

"எப்படி எடுத்தானுங்க?"

"கயித்த அவுத்து உருவிட்டான் மேடம்," என்றார் கிருபாசங்கர்.

அவர் தங்கை பிரவீனா ஒரு புகைப்படத்தை நீட்டினார். "அப்பா எங்க ரெண்டு பேருக்கும் எழுதி வெச்சதுங்க. விக்கலாம்னு அண்ணன் சொன்னாரு. நான் ஒத்துக்கல."

படத்தில் மஞ்சள் பட்டு. மூலையில் பிரிட்டிஷ் கொடி. நடுவே ரோஜாவும் முட்பூவும் மூவிலையும் பின்னிய வளையம், அதற்குள் படையின் எண்.

"சிப்பாய் சட்டையோட கைப்பட்டி என்ன நெறமோ கொடியும் அதே நெறமுங்க," என்றார் பிரவீனா. " சண்டைப் புகையில தங்க படை எங்க நிக்குதுன்னு கொடியப் பாத்துத்தான் கண்டுபிடிப்பாங்களாம்."

அன்புச்செல்வி படத்தில் கொடியின் ஓரத்தைப் பார்த்தார். பட்டு உறைபோல் மடிந்து கழியை மூடியிருந்தது. அதன்மேல் வரிசையாகப் பித்தளை ஆணிகள். பெட்டியைத் திறந்து கழியை விரலால் தடவினார். வழவழப்பு.

"ஏனுங்க, சுதந்திர தினத்துக்கு மில்லுல நீங்கதான் கொடியேத்துவீங்களா?"

"வருசா வருசம். ஏன்?"

"அந்தப் பழக்கம்தான் உங்களக் காட்டிக் குடுத்துருச்சுங்க. இது ஏத்தி இறக்குற கொடியில்ல, கையில தூக்கிட்டுப் போறது. கயிறே கிடையாது. கழிய உறைக்குள்ள சொருகி ஆணி அடிச்சிருக்காங்க. இந்தக் கழியில ஒரு ஆணி ஓட்டைகூட இல்லீங்க. கொடிய முன்னாடியே ரகசியமா வித்துட்டு, பழிபோடத் தையல்காரர வரச்சொல்லியிருக்கீங்க. வாங்குனவரு கழியோட கொண்டுபோயிட்டாரு. அவ்வளவு நீளக் கழி தையல்காரர் பைக்குள்ள போகுமான்னு நாங்க கேப்போம். அதனால புதுசா ஒண்ணு நட்டு, மில் ஞாபகத்துல வளையமும் மாட்டுனீங்க."

"அண்ணா!" என்றார் பிரவீனா.

கிருபாசங்கர் நாற்காலியில் சரிந்தார். "வாங்குன கொச்சிக்காரர்கிட்ட இருக்குதுங்க."

கொடி கழியோடு திரும்பி வந்தது. கரீமை அன்று மதியமே விட்டுவிட்டார்கள். "போலாங்க பாய்," என்றார் ஏட்டு, அவ்வளவுதான். கரீம் சுவரைப் பிடித்து எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கிருபாசங்கர் கேட்கவில்லை. ஏட்டும் கேட்கவில்லை. அன்புச்செல்வியும் அதை இன்னும் பாக்கி வைத்திருக்கிறார்.